வேலைக்கு நடுவே மூன்று நிமிடம்... மூவேளை செபம் சொல்லும் பாடம்!

காலை 6 மணி, நண்பகல் 12 மணி, மாலை 6 மணி. கத்தோலிக்க ஆலயம் உள்ள பல ஊர்களில் இந்த மூன்று நேரமும் மணி ஒலிக்கும். மும்மூன்றாக மூன்று முறை அடித்துவிட்டு, பிறகு தொடர்ந்து அடிப்பார்கள். நாற்று நட்டாலும் சரி, வலை பின்னினாலும் சரி, மணி கேட்டதும் கைவேலையை நிறுத்தி, சிலுவை அடையாளம் வரைந்து செபிப்பது மூத்தவர்களின் பழக்கம். இதுதான் மூவேளை செபம்.

மனதில் பதிந்த நற்செய்தி

செபம் முடிய மூன்று நிமிடம் போதும். ஆனால், அதற்குள் நற்செய்தியின் சாரமே இருக்கிறது. வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னது, மரியா சம்மதித்தது, இறைவன் மனிதராகி நம்மிடையே குடிகொண்டது என மூன்று வசனங்கள். முதல் இரண்டும் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை ஒட்டியவை. மூன்றாவது யோவானின் முதல் அதிகாரத்தில் வருவது. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இப்படித்தான் வேத வசனத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த 'ஆஞ்சலுஸ்' ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஆணும் பெண்ணும் தலைகுனிந்து நிற்கிறார்கள். மணி கேட்டால் வயல்வேலையை நிறுத்தி, இறந்துபோனவர்களுக்காக இந்தச் செபத்தைச் சொல்லவைப்பாராம் மில்லேயின் பாட்டி. அந்த நினைவில் பிறந்ததே இந்த ஓவியம்.

கேள்விக்குப் பிறகே சம்மதம்

வானதூதர் வந்தபோது மரியா என்ன வேலையில் இருந்தார் என்று லூக்கா எழுதவில்லை. யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் என்று மட்டும் சொல்கிறார். கல்யாணக் கனவோடு இருந்த அந்தப் பெண்ணின் திட்டமெல்லாம் ஒரே செய்தியில் மாறிப்போகிறது. அவர் கலங்குகிறார், இது எப்படி நடக்கும் என்று கேட்கிறார். அதற்குப் பிறகுதான் சம்மதிக்கிறார்.

நம் வீடுகளிலும் அப்படித்தானே? மருத்துவமனையிலிருந்து ஒரு ரிப்போர்ட், திடீரென்று போன வேலை, படுக்கையில் விழுந்த மாமியார் என்று ஏதோ ஒன்று நாளையே புரட்டிப் போடுகிறது. அந்த நேரத்தில் கலங்குவதும், 'ஏன், எப்படி?' என்று கடவுளிடம் கேட்பதும் விசுவாசக் குறைவு அல்ல. மரியாவே கேட்டிருக்கிறார்.

ஒரு வேளைக்கு ஒரு வசனம்

மூன்று வசனங்களையும் வேளைக்கு ஒன்றாகவும் தியானிக்கலாம். காலையில் முதல் வசனம்: இன்று யார் மூலமாக எனக்கு இறைவனின் செய்தி வரப்போகிறது? நண்பகலில் இரண்டாவது: இன்று நான் தள்ளிப்போடும் எந்தக் கடமைக்கு 'ஆகட்டும்' சொல்ல வேண்டும்? மாலையில் மூன்றாவது: இன்று யாருடைய முகத்தில் அவரைப் பார்த்தேன்? குழந்தைகளிடம் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் டிபனைப் பகிர்ந்துகொண்ட தோழியின் பெயர்கூட பதிலாக வரலாம்.

மணியோசை எட்டாத அடுக்குமாடி வீட்டிலும் செல்போனில் மூன்று அலாரம் வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் அது ஒலிக்கும்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். தீயைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வையுங்கள். மூன்று நிமிடத்தில் எதுவும் தீய்ந்துவிடாது!