மஞ்சள் தின்ற ஆடு

தீவனத் தொட்டியிலிருந்து – 14

பினாங்கின் ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா பாசாரில் ஆட்டுக்கறி வாங்குபவர்கள் விடிந்ததும் வந்துவிடுவார்கள். அந்நேரம் தொங்கும் தொடை பளிச்சென்ற சிவப்பில் இருக்கும். வெயில் ஏற ஏற வெட்டுவாய் மங்கி, ஓரங்களில் பழுப்பு படரும். பத்து மணிக்குமேல் வரும் அம்மா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "நேத்துக் கறியா, பாய்?"

"விடியக்காலம் அறுத்ததும்மா."

பாய் பொய் சொல்லவில்லை. கறியின் நிறம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

தசையில் மயோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பணு. காற்றுப் படாத தசை ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். வெட்டியதும் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள, கண்ணைப் பறிக்கும் சிவப்பாகும். நேரம் போகப்போக அந்த இரும்பு ஒரு எலக்ட்ரானை இழக்கிறது; சிவப்பு பழுப்பாகிறது. கூடவே கொழுப்பும் காற்றோடு வினைபுரிந்து காறத் தொடங்கும். காறிய கொழுப்பிலிருந்து வரும் பொருள்கள் நிறமாற்றத்தை இன்னும் விரைவுபடுத்தும். இந்தச் சங்கிலியை அறுப்பவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். கறிக்கு மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி வைக்கும் கைகளுக்கு அவை புதியவை அல்ல. மஞ்சளின் குர்குமின் அந்த வகைதான். பினாங்கு மலைச்சரிவுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து வளரும் கிராம்பின் யூஜெனாலும் அதே வகை.

அந்த மஞ்சளை ஆடு உயிரோடு இருக்கும்போதே தின்னக் கொடுத்தால் என்ன?

சிலாங்கூர் மாநிலம் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியைச் சோதித்தார்கள். அவிஸ் குர்னி சசிலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது கம்பிங் காச்சாங் எனப்படும் நாட்டாடு. உருவில் சிறியது, இந்த மண்ணின் வெக்கைக்குப் பழகியது. ஒரு கூட்டத்துக்கு வழக்கமான தீவனம். மற்றொன்றுக்கு அதே தீவனத்தில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ. மூன்றாவதற்குக் கிலோவுக்கு 5 கிராம் மஞ்சள். நான்காவதற்கு அதே அளவு நிலவேம்பு. மூன்று மாதத்துக்கு மேல் தீனி போட்டு, அறுத்து, கறியைக் குளிரில் 14 நாள் வரை வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு இதுதான்: தடுப்பான்கள் கலந்த தீவனம் தின்ற ஆடுகளின் கறியில் கொழுப்பு காறுவது குறைந்திருந்தது.

மேலே தூவுவதற்கும் உள்ளே ஊட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தூவிய மஞ்சள் கறியின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஊட்டிய வைட்டமின் ஈ இரத்தத்தின் வழியே சென்று ஒவ்வொரு தசை உயிரணுவின் சவ்விலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பு காறத் தொடங்குவது அந்தச் சவ்வில்தான். காவலாளி வாசலில் நிற்பதற்குப் பதில் பெட்டகத்தின் மேலேயே படுத்திருப்பதுபோல.

மஞ்சளுக்கும் நிலவேம்புக்கும் அந்தப் பாதை அவ்வளவு எளிதல்ல. அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாவரச் சேர்மங்களில் பலவற்றை உருமாற்றிவிடும். குர்குமின் நீரில் கரையாது, குடலில் சிறிதே உறிஞ்சப்படும். எனவே வைட்டமின் ஈ-யை முழுக்க ஓரங்கட்டிவிட்டு மூலிகையே போதும் என்று சொல்லும் தீவன விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

செலவைக் குறைக்க ஸ்பெயினின் முர்சியா பகுதி நல்ல வழி காட்டுகிறது. அங்கே ரோஸ்மேரி இலையிலிருந்து எண்ணெய் வடித்தபின் மிஞ்சும் சக்கையைத் தாய்ச் செம்மறி ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். அவை ஈன்ற குட்டிகளின் கறி கூடுதல் நாள் கெடாமல் இருந்தது. கடைச்சரக்கு மஞ்சளை மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுவது பினாங்கின் செபராங் பிறையில் நாலைந்து ஆடு வளர்ப்பவருக்குக் கட்டுப்படியாகாது. நிலவேம்பு அப்படியல்ல, வீட்டோரத்திலேயே வளரும். மலாய்க்காரர்கள் அதை 'ஹெம்பெடு பூமி', அதாவது பூமியின் பித்தம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் டெங்கு காலத்தில் வரிசையில் நின்று கஷாயம் குடித்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

அந்தக் கசப்பை ஆடு தின்னுமா? செர்டாங்கில் போயர் இன ஆடுகளுக்கு 1.5 விழுக்காடு நிலவேம்பு கலந்து கொடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கும் விடை சொல்கிறது. ஆடுகள் ஒதுக்கவில்லை, எடையும் நன்றாகவே ஏறியது.

இதில் பினாங்குக்குத் தனி அக்கறை உண்டு. மலேசியா தின்னும் ஆட்டுக்கறியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்நாட்டில் விளைவது. மிச்சம் பெரும்பாலும் உறைந்த பெட்டிகளில் கப்பலேறி வருகிறது, விலையும் மலிவு. அதோடு மோதும் நாட்டாட்டுக்காரர் கையில் இருப்பது 'புதுக்கறி' என்ற ஒரே வார்த்தை. காலை எட்டு மணியின் சிவப்பு மதியம் வரை தாக்குப்பிடித்தால் அவருக்கு ஒரு நாள் வியாபாரம் முழுதாகத் தேறும். அதற்கான வேலை அறுக்குமிடத்தில் இல்லை. மூன்று மாதம் முன்பே, கொட்டகையில், தீனி கலக்கும் வாளியில் தொடங்க வேண்டும். ஆய்வேட்டில் இருக்கும் அந்த 5 கிராம் நிலவேம்புக் கணக்கு இன்னும் பல வாளிகளுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

(தொடரும்)