ஏகமும் ஏகாரமும்

இடைச்சொற்கள் தனித்து இயங்கும் ஆற்றல் இல்லாதன. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தருவன. எனினும் அத்தகையதோர் இடைச்சொல்லின் பொருளைப் பற்றிச் சமயங்களே இருகூறாகப் பிரிந்து நிற்கக் காண்கின்றோம். ஏகாரத்திற்குத் தொல்காப்பியர் கூறும் ஐந்து பொருள்களுள் பிரிநிலையும் ஒன்று. 'நெய்வோருள் இவனே பட்டு நெய்வான்' என்னுமிடத்து ஏகாரம் ஒருவனை ஏனை நெய்வோரினின்று பிரிக்கின்றது. 'நெய்வோருள்' என்பதை நீக்கி 'இவனே பட்டு நெய்வான்' என்று மட்டும் கூறின், எவரினின்று பிரித்தான் என்பதைக் கேட்போனே கொள்ளல் வேண்டும். மறைநூல்களுக்கு உரை கண்டோரிடையே எழுந்த பெரும்பூசல் சில இவ்விடத்தினின்றே தோன்றின.

காஞ்சிபுரத்திற்கு இது புதிதன்று. ஆங்குத் தூப்புலில் 1268-இல் தோன்றிய வேதாந்த தேசிகரும், அவர்க்கு முற்பட்ட திருவரங்கத்துப் பிள்ளை உலகாசிரியரும் கீதையின் சரம சுலோகத்திற்கு (18:66) மணிப்பிரவாள நடையில் பொருள் விரித்தனர். அச்சுலோகத்து 'ஏகம்' என்னும் சொல்லை உலகாசிரியர் முமுட்சுப்படியில் பிரிநிலைப் பொருள்பட உரைக்கின்றார். இறைவன் ஒருவனே உபாயம். அவனைப் பற்றுகின்ற செயலும் உபாயம் ஆகாது என்பது அவர் துணிபு. விலக்கப்படும் தொகுதியுள் சரணாகதியும் அடங்கிவிட்டது. தேசிகரோ ரகசியத்திரயசாரத்தில் அச்சொல்லுக்குப் பல பொருள் காட்டுவர். பத்தியோகம் முதலியன வேண்டா என்பதும், உயிர் இறைவனோடு ஒப்ப எண்ணத்தகும் காரணம் அன்று என்பதும் அவற்றுட் சில. ஆயினும் சரணாகதி ஒரு வியாஜமாக நிற்றலை அவர் விலக்கவில்லை.

இவ்வேறுபாட்டைக் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி உவமைகளால் விளக்குதல் வழக்கு. கற்பிப்போர்க்கு அஃது எளிது. தேசிகர்க்கு நீதி செய்வதன்று. சித்தோபாயம் இறைவனே என்பதில் அவர்க்கும் ஐயமில்லை. உரைவேறுபாட்டோடு திருமண், ஆசாரம், குருபரம்பரை ஆகியவற்றின் வேறுபாடும் கூடியமையால், வரதராசப் பெருமாள் கோயிலில் ஓதும் உரிமை எவர்க்கு என்னும் பிணக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றம் ஏறிற்று.

கிறித்தவ மறையுள் இதனோடு ஒப்பிடத்தக்க இடம் பவுல் உரோமர்க்கு எழுதிய திருமுகம் 3:28. மனிதன் நீதிமான் ஆதல் சட்டத்தின் செயல்களாலன்றி விசுவாசத்தால் என்பது ஆண்டுள்ள கருத்து. கிரேக்க மூலத்தில் 'மட்டும்' எனப் பொருள்படும் சொல் இல்லை. 1522-இல் புதிய ஏற்பாட்டைச் செருமானியத்தில் பெயர்த்த மார்ட்டின் லூதர் அச்சொல்லைச் சேர்த்தார். எதிர்ப்பு எழவே, ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கூறுங்கால் அச்சொல்லை இடுதல் தம் மொழியின் மரபு எனவும், பவுலின் கருத்தும் அதுவே எனவும் 1530-இல் ஒரு மடலில் விடையிறுத்தார். அவர்க்கு நற்செயல் விசுவாசத்தின் கனி; காரணம் ஆகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கமோ, அருளுக்கு முற்பட்ட செயல் எதுவும் அவ்வருளை ஈட்டாது என்பதை 1547-இல் உடன்பட்டு, மனிதன் அருளோடு ஒத்துழைத்தல் வேண்டா என்னும் பொருளில் 'விசுவாசம் மட்டும்' என்பதை மறுத்தது. எதிர்நோக்கும் அன்பும் விலக்கப்படும் தொகுதியுள் அடங்கா என்பது அச்சங்கத்தின் கொள்கை.

இருசார் வழக்கையும் ஒன்றென மயங்குதல் கூடாது. 'ஏகம்' இறைவனைச் சார்ந்தது. லூதரின் 'மட்டும்' விசுவாசத்தைச் சார்ந்தது. முன்னது மூலத்தில் உள்ளது. பின்னது மொழிபெயர்ப்பில் வந்தது. எதனின்று பிரிக்கின்றது என்னும் வினாவே இரண்டிற்கும் பொது.

இனித் தமிழ்ப் பெயர்ப்பைக் காண்போம். தரங்கம்பாடியில் 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு லூதரன் சபையினர். என்றி பவர் முதலியோர் திருத்த 1871-இல் வெளிவந்து, சீர்திருத்த சபைகளில் இன்றும் வழங்கும் பெயர்ப்பில் 3:28-இல் 'விசுவாசத்தினாலேயே' என்னும் வடிவம் நிற்கின்றது. ஏகாரம் இரண்டனுள் முன்னது அசை எனலாம். அதே பெயர்ப்பில் யாக்கோபு 2:24 'விசுவாசத்தினாலே' என்றபின் 'மாத்திரம்' என்னும் தனிச்சொல்லை வேண்டிநிற்றல் இதற்குச் சான்று. பின்னதே பொருளுடைய ஏகாரம். லூதர் ஒரு சொல்லை இட்டுச் செய்ததை ஈண்டு ஓரெழுத்து ஆரவாரமின்றிச் செய்கின்றது.

ஆயின் அவ்வெழுத்துப் பிரிநிலைதானா? தேற்றமாகவும் கொள்ள இடமுண்டு. தேற்றம் என்பார்க்கு 'விசுவாசத்தால் என்பது உறுதி' எனப் பொருள்படும். பிரிநிலை என்பார்க்குப் 'பிறிதொன்றால் அன்று' எனப் பொருள்படும். முன்னதில் கத்தோலிக்கர்க்கு மாறுபாடு தோன்றாது. 1999 அக்டோபர் 31-இல் ஆகுசுபர்க்கு நகரில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையும், அடிப்படையில் உடன்பட்டுச் சில வேறுபாடுகளுக்கு இடம் வைத்ததேயாகும்.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'மட்டும்' என்பது 'விசுவாசத்தால்' என்பதோடு இயைந்து வருமிடம் யாக்கோபு 2:24 ஒன்றே. ஆண்டும் எதிர்மறையோடு வருகின்றது. லூதரின் செருமானியத்தில் இரு திருமுகங்களும் 'மட்டும்' என்னும் ஒரே சொல்லால் நேர்நின்று மோதுகின்றன. தமிழிலோ ஓரிடத்து ஏகாரமும் மற்றோரிடத்து 'மாத்திரம்' என்பதும் நிற்றலின், தமிழ் மட்டும் அறிந்தார்க்கு அம்மோதல் எளிதிற் புலப்படுவதில்லை.