வலியாரை வென்ற ஒன்பதாம் ஆட்டம்

நுழையும்முன்

தோல்விக்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. வெற்றிக்குக் காரணம் தேடுவோர் குறைவு. தம்மினும் வலியவரை வென்றவர்கூட அவ்வெற்றியை நல்வாய்ப்பு என்றோ திறமை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுவர். தமிழ்நாட்டு வீரர் ஒருவர் பெற்ற வெற்றியை முன்வைத்து, வெற்றியை ஆராயும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்டத்தாள் என்னும் ஆவணம்

நீண்டநேரச் சதுரங்கப் போட்டிகளில் ஆடுவோர் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் குறித்துவருதல் வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து மாவட்டப் போட்டிக்குச் செல்லும் மாணவர்க்கும் உலகப் பட்டத்திற்காக மோதும் வீரர்க்கும் இவ்விதி பொதுவானது. பலகையின் நிரல்கள் ஏ முதல் எச் வரையிலான எழுத்துகளாலும், வரிசைகள் 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிக்கப்படுவதால், 64 கட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எனவே, முன்பு நடந்த ஓர் ஆட்டத்தை இன்றும் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் மீண்டும் ஆடிப்பார்க்க இயலும்.

அவ்வாறு ஆடிப்பார்க்கத் தக்கது, 1995 செப்டம்பரில் நியூயார்க் நகரின் உலக வணிக மையத்து 107ஆம் தளத்தில் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியின் ஒன்பதாம் ஆட்டம். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் ஆடப் பழகிய விசுவநாதன் ஆனந்துக்கு அப்போது அகவை 25. எதிரே அமர்ந்திருந்த காரி காஸ்பரோவ், 1985இல் பட்டம் வென்றது முதல் எந்தப் பட்டப் போட்டியிலும் தோல்வியுறாதவர். முதல் எட்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்திருந்தன.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களைத் திருக்குறள் அடுத்தடுத்து வைத்துள்ளது. ஆட்டத்தை ஆராய்வதற்கும் இம்மூன்று தலைப்புகள் பொருந்தும். இவ்வாட்டத்தில் இடம் முன்னர் உருவாகிக் காலம் பின்னர்க் கனிந்தமையால், வலியை அடுத்து இடத்தையும் அதன்பின் காலத்தையும் காண்போம்.

வலி

அன்றைய தரவரிசையில் காஸ்பரோவ் 2795 புள்ளிகளும் ஆனந்த் 2725 புள்ளிகளும் பெற்றிருந்தனர். 70 புள்ளி வேறுபாட்டிற்கு ஒரு கணக்குப் பொருள் உண்டு. இத்தகைய இருவர் பத்து ஆட்டங்கள் ஆடினால், வலியவர் ஏறத்தாழ 6 புள்ளிகளும் மற்றவர் 4 புள்ளிகளும் பெறுவர் என எதிர்பார்க்கலாம். வலியவர் என்பதற்கு வெல்ல முடியாதவர் என்று பொருளில்லை. எதிராளியின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை அதனை மிகைப்படுத்தி அஞ்சுவதும்.

இடம்

வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆனந்துக்கு எதிராகக் காஸ்பரோவ் சிசிலியன் தற்காப்பைத் தேர்ந்தார். அதன் இயல்புப்படி கறுப்பின் சி நிரல் சிப்பாய் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ளப்பட்டது. 17, 18ஆம் நகர்த்தல்களில் ஆனந்த் தம் பி நிரல் சிப்பாயை முன்னேற்றி, அரசிப் பக்கத்தில் இடம் பிடித்தார். 20ஆம் நகர்த்தலில் கறுப்பு, வெள்ளைக் கட்டங்களில் இயங்கும் தன் அமைச்சரைக் கொடுத்து எதிரியின் குதிரையை வெட்டியது. 22ஆம் நகர்த்தலில் கறுப்பின் சிப்பாய் இ6 கட்டத்திலிருந்து இ5 கட்டத்திற்கு நகர்ந்தது.

தனித்தனியே நோக்கினால் இவை சிறு நிகழ்வுகள். சேர்த்து நோக்கினால் டி5 என்னும் ஒரு கட்டத்தின் நிலை விளங்கும். அக்கட்டத்தைக் காக்கவல்ல சி நிரல் சிப்பாய் இல்லை, இ நிரல் சிப்பாய் கடந்து சென்றுவிட்டது, அமைச்சரும் இல்லை. பலகையின் நடுவே கறுப்பால் சிப்பாயைக் கொண்டு காக்கவியலாத ஓரிடம் உருவாகிவிட்டது.

காலம்

26ஆம் நகர்த்தலில் ஆனந்த் தம் எச் நிரல் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். மறுமொழியாகக் காஸ்பரோவ் தம் அரசியை இ6 கட்டத்திற்குக் கொணர்ந்தார். உடனே ஆனந்தின் கோட்டை டி5 கட்டத்தில் வந்து நின்றது. கறுப்புக் குதிரை அதனை வெட்டலாம். கோட்டையின் மதிப்பு 5, குதிரையின் மதிப்பு 3 என்பது தொடக்கநிலை மாணவரும் அறிந்த கணக்கு. பின் ஏன் இந்த ஈகை?

வெட்டாமல் விட்டால், அரசியின் துணையுடன் அக்கோட்டை இ5 சிப்பாயைத் தாக்கும். காஸ்பரோவ் வெட்டினார். ஆனந்தின் இ நிரல் சிப்பாய் குதிரையை வெட்டி டி5 கட்டத்தில் அமர்ந்தது. அமர்ந்த கணமே இ6 கட்டத்திலிருந்த அரசியையும் தாக்கியது. அரசி விலகியாக வேண்டும். அந்த இடைவெளியில் ஆனந்தின் சி நிரல் சிப்பாய் முன்னேறிற்று. கறுப்பு அரசி முன்பிருந்த சி8 கட்டத்திலேயே நின்றிருந்தால் இந்த ஒரு நகர்த்தல் ஆதாயம் கிட்டியிராது. இடம் முன்னரே இருந்தது. அதற்குரிய காலம் அப்போதுதான் வாய்த்தது.

தாக்குதலும் காப்பும்

காஸ்பரோவ் எளிதில் பணியவில்லை. கோட்டையையும் அரசியையும் ஜி நிரலில் நிறுத்தி, இ நிரல் சிப்பாயையும் செலுத்தி, வெள்ளை அரசனை நெருக்கினார். ஆனந்த் தம் மற்றொரு கோட்டையை ஜி1 கட்டத்தில் நிறுத்தி அரண் செய்த பின்னரே சிப்பாய்களை மேலும் செலுத்தினார். 34ஆம் நகர்த்தலில் பி7 சிப்பாய் வெட்டப்பட்டதும், தடுக்கக் கறுப்புச் சிப்பாய் எதுவும் இல்லாத மூன்று வெள்ளைச் சிப்பாய்கள் எஞ்சின. 35ஆம் நகர்த்தலில் வெள்ளை அரசன் எச்2 கட்டத்திற்கு நகர்ந்து எதிரிக் கோட்டையைத் தாக்கவே, காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அரசன் அங்குச் செல்ல வழிவிட்டது, 26ஆம் நகர்த்தலில் நகர்ந்த அந்த எச் நிரல் சிப்பாயே.

இந்த ஆட்டத்தைப் புகழ்வோர் 27ஆம் நகர்த்தலைப் புகழ்வர். ஆராய்வோரோ அதற்கு முன்னிருந்த பத்து நகர்த்தல்களிலும் பின்வந்த எட்டு நகர்த்தல்களிலும் வெற்றியின் வேர்களைக் காண்பர்.

வென்ற பின்

அடுத்த ஆட்டத்திலேயே காஸ்பரோவ் முன்னரே ஆயத்தம் செய்திருந்த புதிய திட்டத்தால் வென்றார். பதினோராம் ஆட்டத்தில் மீண்டும் கறுப்புக் காய்கள் அவரிடம் வந்தபோது, ஒன்பதாம் ஆட்டத்தில் தோல்வி தந்த முறையைக் கைவிட்டு, சிசிலியனின் மற்றொரு வகையான டிராகனை ஆடி வென்றார். இருபது ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட போட்டி, பதினெட்டாம் ஆட்டத்தோடு 10½–7½ என்னும் கணக்கில் அவர் பக்கம் முடிந்தது. தோற்றவர் தம் ஆட்டத்தாளை எவ்வளவு கூர்மையாகப் படிப்பார் என்பதற்கு இது சான்று. வென்றவரும் அதே கூர்மையுடன் படித்தாக வேண்டும். வலியவர் நேற்றைய பிழையுடன் மீண்டும் வருவதில்லை. ஆனந்தும் ஒரு போட்டியோடு நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டு உலகப் பட்டம் வென்ற அவர், 2007 முதல் 2013 வரை அதனைத் தம்மிடமே வைத்திருந்தார்.

இன்று கணினி, எந்த நகர்த்தல் சிறந்தது என்பதை நொடியில் காட்டிவிடும். ஏன் அதைத் தேர்ந்தோம், எதிராளி எதை எண்ணினார் என்பவற்றை ஆடியவரே எழுதியாக வேண்டும். ஆட்டம் முடிந்த அன்றே, நினைவு மங்குமுன், திருப்பம் நேர்ந்த நகர்த்தல்களுக்கு எதிரே ஒவ்வொரு வரி காரணம் எழுதுக. பிறகு கணினியுடன் ஒப்பிடுக. இரண்டும் மாறுபடும் இடத்திலிருந்து அடுத்த ஆட்டத்திற்கான பயிற்சியைத் தொடங்குக.