சொந்த மண்ணில் ஆறா, ஏழா? அட்டவணையில் தொடங்கும் கால்பந்து ஆட்டம்

புது தில்லி: இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் போட்டி 14 அணிகளுடன் 2026 பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும், மொத்தம் 91 ஆட்டங்கள் நடைபெறும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்தார். பல மாதங்களாக முடங்கிக் கிடந்த போட்டி நடந்தால் போதும் என்றிருந்த நிலையில், 91 என்ற எண்ணின் பொருள் அதிகம் பேசப்படவில்லை.

ஒவ்வோர் அணியும் மற்ற 13 அணிகளை ஒரே ஒரு முறை சந்தித்தால் 91 ஆட்டங்கள் வரும். 13 என்பது ஒற்றைப்படை எண். எனவே, ஏழு அணிகளுக்குச் சொந்த மைதானத்தில் 7 ஆட்டங்கள் கிடைத்தால், மீதமுள்ள ஏழு அணிகளுக்கு 6 மட்டுமே கிடைக்கும். எத்தனை திறமையாக அட்டவணை தயாரித்தாலும் இக்கணக்கை மாற்ற இயலாது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, யாரை எங்கே சந்திப்பது என்பது. வலுவான மோகன் பகானை ஓர் அணி தன் ரசிகர்கள் முன்னிலையில் எதிர்கொள்ளும். மற்றோர் அணி கொல்கத்தா சென்று எதிர்கொள்ளும். இரு சுற்றுகள் நடந்தால் இந்த ஏற்றத்தாழ்வு தானாகவே நேராகிவிடும். ஒரே சுற்றில் அதற்கு வழியில்லை.

2024-25 பருவத்தில் 13 அணிகள் இரு சுற்றுகளாக, தலா 24 ஆட்டங்கள் ஆடின. 56 புள்ளிகளுடன் மோகன் பகான் முதலிடம் பிடித்தது. அந்த அட்டவணையும் பழுதற்றதல்ல. ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக மோகன் பகான் தன் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டம், கங்காசாகர் மேளாவுக்குப் போலீஸார் தேவைப்பட்டதால், 2025 ஜனவரி 11-ஆம் தேதி குவாஹாட்டியில் நடத்தப்பட்டது. மோகன் பகான் 1-0 என வென்றதால் விவகாரம் அத்துடன் அடங்கியது. தோற்றிருந்தால் கொல்கத்தா சும்மா இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

பூகோளமும் பாரபட்சம் காட்டுகிறது. அதே பருவத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் கொல்கத்தா அணிகள். எதிரணியின் மைதானம் எனக் கணக்கில் வரும் ஆட்டங்களிலும் சிலவற்றை அவை தம் ஊரிலேயே முடித்துக்கொள்ள முடியும். குவாஹாட்டியைச் சேர்ந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்கோ, கொச்சியும் கோவாவும் நாட்டின் மறுகோடி. பயணத்துக்குப் பின் கிடைக்கும் ஓய்வு நாள்கள் புள்ளிப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

சில நேரங்களில் யாரையும் குறைகூற முடியாது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின், ஐ-லீக் போட்டியில் மினர்வா பஞ்சாப் அணி ஸ்ரீநகர் செல்ல மறுத்தது. ரியல் காஷ்மீர் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் தில்லிக்கு மாற்றப்பட்டது. காஷ்மீர் அணிக்குக் குளிரும் ரசிகர்களும் தரும் பலம் அன்று இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளுடன் கோப்பையை வென்றது. ஈஸ்ட் பெங்கால் பெற்றது 42. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் தீர்மானமாகும் போட்டியில், ஆட்டம் நடக்கும் ஊர் சிறு விஷயமல்ல.

ஆனால், 2023-இல் நடந்தது மனிதர்கள் உருவாக்கிய குழப்பம். ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெறும் அதே நாள்களில் ஐஎஸ்எல் தொடங்க ஏற்பாடாகியிருந்தது. வீரர்களை விடுவிக்க கிளப்புகள் தயங்கின. அவசரமாகத் திரட்டப்பட்ட இந்திய அணி ஹாங்ஜௌ போய்ச் சேர்ந்த மறுநாளே, செப்டம்பர் 19-ஆம் தேதி, சீனாவிடம் 1-5 எனத் தோற்றது. ஐஎஸ்எல் இரண்டு நாள்கள் கழித்து, குறித்தபடி தொடங்கியது!

பருவம் ஒரே சுற்றாகச் சுருங்கியதற்கும் காரணம் மைதானத்தில் இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் காலாவதியாகும் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆயினும் மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. 2025 ஜூலையில் போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் கோரப்பட்ட டெண்டருக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. பேச்சுவார்த்தைகளில் கழிந்த மாதங்களுக்கான விலையை, ஆறு ஆட்டங்கள் மட்டும் கிடைக்கும் கிளப்புகள் டிக்கெட் வருவாயிலும் புள்ளிகளிலும் செலுத்த நேரிடுகிறது.

இதே காலத்தில்தான், 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே விவாதம் விரைவாக முடிந்தது. சம்மேளனங்களின் தேர்தல், தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு அதில் வழி செய்யப்பட்டுள்ளது. தேவையான சீர்திருத்தமே. எனினும், ஒரு லீக் எப்போது தொடங்க வேண்டும், எத்தனை ஆட்டங்கள் நடக்க வேண்டும் என்பதெல்லாம் பழையபடி ஒப்பந்தம் போடுவோரின் கையில்தான் உள்ளது.

14 அணிகளும் இரு முறை மோத வேண்டுமானால் 182 ஆட்டங்கள் தேவை. அவற்றைச் செப்டம்பரில் தொடங்கினால்தான் கடும் கோடைக்குமுன் பெரும்பகுதியை முடிக்க இயலும். அதற்கு வணிக ஒப்பந்தம், மைதான அனுமதி, போலீஸ் பாதுகாப்பு ஆகிய மூன்றும் மழைக்காலம் தொடங்கும்போதே கையில் இருக்க வேண்டும்.