கடை மாற்றும்போது உடையும் கடப்பைக் கல் மேடை

வாடகைக் கடையைக் காலி செய்து வேறு இடம் போகும் வணிகர்கள் ரேக்கையும் தராசையும் பத்திரமாக ஏற்றிவிடுகிறார்கள். கல்லா மேடையில் பதித்த கல்தான் அடிபடுகிறது. பள்ளிப்பட்டு 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கடப்பைக் கல்லும் அந்தத் திசையிலிருந்து வருவதுதான். நமக்கு அது புதிதல்ல. ஆனாலும் அதன் குணம் தெரியாமல் கை வைப்பதால்தான் நஷ்டம்.

இது சுண்ணாம்புக் கல் இனம். அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது. ஆகவே கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் அடுக்கு பெயரும், அல்லது நடுவில் விரிசல் விடும். சுற்றிலும் உள்ள சிமெண்ட் பூச்சை முதலில் கட்டிங் மெஷினால் அறுத்துவிட்டு, பல இடங்களில் மெல்லிய உளி கொடுத்துச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். எடுத்த கல்லைப் படுக்க வைத்துத் தூக்கக் கூடாது. கண்ணாடியைப் போல நிறுத்தியே தூக்க வேண்டும். வண்டியிலும் சாக்கு விரித்து நிறுத்தியே கட்ட வேண்டும்.

ஓரம் சிதறியிருந்தால் கவலையில்லை. உடைந்த இடத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்து, ஈரமில்லாமல் காயவிட்டு, அரால்டைட்டின் இரண்டு டியூபையும் அட்டையில் சொன்ன அளவில் கலந்து, அதே கல்லின் தூளும் கருப்பு ஆக்சைடும் சேர்த்து நிரப்பலாம். மறுநாள் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். வெறும் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைப்பது சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.

கல் இரண்டாகப் பிளந்திருந்தால், அடிப்புறத்தில் விரிசலுக்குக் குறுக்கே காடி வெட்டி, மெல்லிய கம்பிகளை அதே பசையில் புதைத்து ஒட்ட வேண்டும். ஒட்டின இடத்துக்கு நேர் கீழே செங்கல் சுவர் வருமாறு பதியுங்கள். அடியில் தாங்கல் இல்லாமல் அந்தக் கல்லின் மேல் எண்ணெய் டின் வைப்பது ஆபத்து. மூன்று நான்கு துண்டாகிவிட்டால் ஒட்டும் கூலி வீண். புதுக் கல்லே மேல்.

மறுபடி பதிக்கும்போது கலவை அடி முழுதும் பரவ வேண்டும். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்துக் கல்லை அமர்த்தும் கொத்தனார்களும் உண்டு, நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். மேடை சாய்ந்தால் எலெக்ட்ரானிக் தராசின் குமிழி நடுவில் நிற்காது. எடையில் வித்தியாசம் வந்தால் வாடிக்கையாளர் நம்மைத்தான் சந்தேகிப்பார்.

மேலே படிந்த சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். கிரானைட் ஓரளவு தாங்கும். கடப்பைக் கல்லை ஆசிட் அரித்து, பளபளப்பு போய் வெளுத்துவிடும். புளிக் கரைசலும் எலுமிச்சைச் சாறும்கூட இதையே மெதுவாகச் செய்யும். கறை ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிடுங்கள்.

கல்லைப் பெயர்க்கும் முன் கட்டிட உரிமையாளரையும் கொத்தனாரையும் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் போட்டோ எடுத்து, கல் யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திருப்பித் தரும் நாளில் தகராறு வருவது இதில்தான்.