குகை கற்பிக்கும் பாடம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லெச்சுகியா என்னும் ஆழ்குகை உண்டு. அதன் உட்பகுதிகள் 40 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாக வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தவை. கதிரொளி காணாத அப்பாறைகளிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.

2012-இல் வெளியான ஆய்வொன்று வியப்பளித்தது. மனிதனின் மருந்தையே அறியாத அந்நுண்ணுயிர்களுள் சில, நாம் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்துகளுள் 14 வகைகளை எதிர்த்து நின்றன! காரணம் யாது? நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று வெல்லத் தாமே நச்சுப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றினின்று தப்பும் வழியையும் தாமே பெற்றுள்ளன. பென்சிலினும் ஒரு பூஞ்சை சுரந்ததே அன்றோ?

அக்குகை நுண்ணுயிர் ஒன்றிடம், அதுவரை அறியப்படாத 5 எதிர்ப்பு முறைகள் இருப்பது 2016-இல் வெளிப்பட்டது. பகைவனின் கேடயத்தை முன்னரே கண்டவன் அதற்கேற்ற வாளை வடிக்கலாம். நாளைய மருந்துகளை ஆக்குவோர்க்கு இவ்வறிவு பெருந்துணை.

அன்புள்ள பெற்றோரே, குகையில் இவ்வெதிர்ப்பாற்றல் இயற்கையின் செயல். நம் இல்லங்களில் அதனை வளர்ப்பதோ நம் அசட்டையே. சாதாரணச் சளிக்கும் மருந்துக் கடையில் நாமே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குகிறோம்; அண்டை வீட்டாருக்கு எழுதித் தந்ததை நம் குழந்தைக்கும் கொடுக்கிறோம். தேவையற்று உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிகளுக்குப் போர்ப்பயிற்சி. மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த நாள்வரை மட்டும் உண்போம். நம் பிள்ளைகள் நோயுறும் நாளில் மருந்து பயன்தர வேண்டுமல்லவா?