மூன்று வருடம் தூங்கும் பணம்

"ஏனுங்ணா, மானியத்தக் கையில குடுப்பாங்களா, கணக்குல போட்டு உடுவாங்களா?"

கேட்டவர் பக்கத்து வீட்டு மருமகள். காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டு தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்க வேண்டும் என்று ஆறு மாதமாக ஒரே யோசனை. வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அதனால் இந்தக் கேள்வி என் வீட்டுத் திண்ணைக்கு வராத மாதம் இல்லை.

"கையிலயும் இல்ல அம்மிணி, கணக்குலயும் இல்ல. டீ ஆறுது, குடிச்சுக்கிட்டே கேளு."

மானியம் என்ற சொல்லிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. பழைய நாளில் கோயிலுக்கும் ஊர்ப் பணி செய்தவர்களுக்கும் மானிய நிலம் விட்டார்கள். ஆள்பவர் பண மூட்டை எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. அந்த நிலத்திலிருந்து தனக்கு வர வேண்டிய வரியை விட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். உழுது விளைவித்தவனுக்கு அது லாபம். தரிசாகப் போட்டவனுக்கு வரியில்லாத தரிசு. இன்றைக்கு அரசு தரும் தொழில் மானியமும் கிட்டத்தட்ட அதே சாதிதான். இதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. கணக்கோடு சொன்னால் தெளியும் என்று பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.

முதலில் எல்லோர் வாயிலும் அடிபடும் பி.எம்.இ.ஜி.பி. இரண்டு பழைய திட்டங்களை ஒன்றாக்கி 2008-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. தலைமை கதர் கிராமத் தொழில்கள் ஆணையம். நம் ஊரில் காதி வாரியம் வழியாகவோ, மாவட்டத் தொழில் மையம் வழியாகவோ போகலாம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டமதிப்பு போடலாம். 2022-க்கு முன்பு இது 25-ம் 10-மாக இருந்தது. பொதுப் பிரிவு ஆண் என்றால் நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35.

"அப்ப எனக்கு முப்பத்தஞ்சுங்களா?"

செக்கு எங்கே வைக்கப்போகிறாய் என்பதைப் பொறுத்தது. காங்கேயம் நகராட்சி எல்லைக்குள் கொட்டகை போட்டால் 25. எல்லையைத் தாண்டி ஓர் ஊராட்சிக்குள் போட்டால் 35. திட்டம் 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு விலை 1,20,000 ரூபாய். அதற்காக மும்முனை மின்சாரம் இல்லாத தோட்டத்துக்குள் போய் செக்கை இறக்கிவிடாதே. கரண்ட் வரக் காத்திருக்கும் மாதங்களில் அந்த லட்சம் கரைந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். 12 லட்சத்தில் உன் கைப்பணம் 5 சதவீதம், 60,000 ரூபாய். பொதுப் பிரிவு ஆண் என்றால் 10 சதவீதம் போட வேண்டும். மீதி 11,40,000-ஐயும் வங்கி கடனாகக் கொடுக்கிறது. மானியத்தைக் கழித்துக்கொண்டு கொடுப்பதில்லை, முழுசாகக் கடன். இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கடன் பட்டுவாடா ஆரம்பித்த பிறகு வங்கி ஆணையத்திடம் மானியத்தைக் கேட்கும். 35 சதவீதம், 4,20,000 ரூபாய் வரும். வந்த பணம் உன் சேமிப்புக் கணக்குக்கு வராது, கடன் கணக்கிலும் உடனே வரவு வைக்கப்படாது. உன் பெயரில் ஒரு வைப்புத்தொகையாக அதே வங்கியில் மூன்று வருடம் படுத்துக்கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. பதிலுக்கு, கடனில் அதே 4,20,000-க்கு உன்னிடமும் வட்டி வாங்கக் கூடாது. ஆக வட்டி ஓடுவது 7,20,000-க்கு மட்டும்.

வட்டி 10 சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 42,000, மூன்று வருடத்தில் 1,26,000 மிச்சம். மூன்று வருடம் கழித்து, செக்கு ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்து, ஓடினால் அந்த 4,20,000 உன் கடனில் கழிக்கப்படும். அன்றைக்குத்தான் அது உன்னுடைய பணம்.

"மூணு வருசம் தூங்குமுங்களா?"

தூங்கும். நீ தூங்கக் கூடாது. பார்க்க வருகிற நாளில் கொட்டகை பூட்டிக் கிடந்தாலோ, செக்கே இல்லாவிட்டாலோ பணம் வந்த வழியே திரும்பிப் போகும், முழுக் கடனும் உன் தலையில். உன் கைமீறிய காரணத்தால் தொழில் நொடித்துக் கடன் வாராக்கடனாகிப் போனால் மட்டும், அந்த வைப்புத்தொகையைக் கடனில் கழித்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது.

கிளையில் கேட்டு எழுதி வாங்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள். மாதத் தவணையை எந்தத் தொகைக்குப் போடுகிறார்கள்? 11,40,000-க்கா, மானியம் போக மீதிக்கா? வைப்புத்தொகை வந்த தேதி எது, அந்தத் தேதியிலிருந்து வட்டி குறைத்தார்களா? கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் வருடக்கணக்கில் கூடுதல் வட்டி கட்டியவர்களை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். கேட்டால் சரிசெய்து தருவார்கள். யாரும் கேட்பதில்லை.

இன்னொரு நுணுக்கம் நடைமுறை மூலதனம். அறுவடைக் காலத்தில் தேங்காய்ப் பருப்பையும் கடலையையும் மொத்தமாக வாங்கி வைக்கப் பணம் வேண்டுமே, அதற்கு ஒரு காசுக்கடன் வரம்பு தருவார்கள். அதுவும் திட்டமதிப்பில் சேரும், அதற்கும் மானியம் உண்டு. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு முறையாவது வரம்பு முழுவதையும் எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை. கடனே வாங்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பெண்கள் அந்தக் கணக்கைத் தொடாமலே பத்திரமாக வைத்திருந்து மானியத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். சிக்கனத்துக்குத் தண்டனை என்றால் இதுதான். ஆகவே தேவைக்கு மேல் வரம்பு கேட்காதே.

டீக்கு அடுத்து முறுக்கு வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, செக்குக்கு 20,000 முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தோடு நிறுத்து. பி.எம்.இ.ஜி.பி. புதுத் தொழிலுக்கு மட்டும். செக்கை இறக்கி, பூசை போட்டு, எண்ணெய் ஆட்டி விற்கத் தொடங்கிய பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. வரிசை முக்கியம்: விலைப்புள்ளி, விண்ணப்பம், வங்கி அனுமதி, தொழில்முனைவோர் பயிற்சி, அதன் பிறகுதான் இயந்திரம். இயந்திரத்துக்கான பணத்தை வங்கி நேராக விற்பனையாளருக்கே அனுப்பும். புருசனும் பொண்டாட்டியும் ஒரே குடும்பக் கணக்கு, இரண்டு பேரில் ஒருவருக்குத்தான். உன் வீட்டுக்காரர் முன்னால் லேத் பட்டறைக்கு ஏதும் வாங்கினாரா என்று கேட்டுக்கொள். உற்பத்தித் திட்டம் 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும். அது உனக்குப் பிரச்சினை இல்லை.

ஒருவேளை முன்பே ஆட்டி விற்றுக்கொண்டிருப்பவர் என்றால் வேறு கதவு இருக்கிறது. குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020-இல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. அதிலும் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். ஓடிக்கொண்டிருக்கும் செக்கை விரிவாக்கவும் அங்கே போகலாம். கைப்பணம் மட்டும் 10 சதவீதம். ஒரே இயந்திரத்துக்கு இரண்டு இடத்திலும் கை நீட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மாநில அரசின் பக்கமும் சில உண்டு. சிறிய அளவுக்கு யு.ஒய்.இ.ஜி.பி.: 25 சதவீதம், கடை வைக்கவும் கிடைக்கும், ஆனால் குடும்ப வருமானத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரிதாக யோசிக்கும் முதல் தலைமுறைக்காரர்களுக்கு நீட்ஸ். 5 கோடி வரையிலான திட்டம், 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம், கூடவே வட்டியில் 3 சதவீதத்தை அரசே ஏற்கும். எனக்குப் பிடித்தது 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்குமானது. 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதம் தள்ளுபடி. ஆனால் எண்களுக்காகப் பிடித்தது என்று சொல்லவில்லை. மற்றதில் மானியம் பின்னால் வரும், இதில் முன்னாலேயே வந்து தொழில்முனைவோர் போட வேண்டிய பங்கின் இடத்தில் நிற்கிறது. கைப்பணம் இல்லாததுதான் பரம்பரைத் தடை என்பதைப் புரிந்துகொண்டு யாரோ உட்கார்ந்து எழுதிய விதி.

"முத்ராவுலயும் மானியம் தர்றாங்கன்னு சொன்னாங்ளே?"

முத்ரா கடன். அடமானம் கேட்காமல் தருகிற கடன், மானியம் அல்ல. இந்தக் குழப்பத்தை வைத்தே பிழைக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குப் பைசா கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை. "ரெண்டு பர்சென்ட் குடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் வந்தால், அவர் முடித்துத் தருவது பெரும்பாலும் திட்ட அறிக்கையைத்தான்.

அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செக்குக்கான திட்ட அறிக்கைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். தரகர் எழுதியது எது, சொந்தமாக எழுதியது எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு வரி போதும்: புண்ணாக்கு. நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் எண்ணெய் நாற்பது கிலோ அளவுக்குத்தான் வரும், மிச்சத்தில் பெரும்பங்கு புண்ணாக்கு. மாடுகளுக்குப் பேர்போன காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு புண்ணாக்கு வருமானத்தை எழுதாமல் விட்டவர், வேறு எங்கோ எழுதிய அறிக்கையில் ஊர்ப்பெயரை மாற்றியவர். இப்படிப்பட்ட அறிக்கையைக் கொண்டுவந்தவரிடம் "புண்ணாக்கை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்பேன். முழிப்பார். தொழில் தெரிந்தவர் என்றால் எந்தப் பால்காரர் வாங்குவார், என்ன விலைக்கு என்றே சொல்லிவிடுவார். மேலாளர் தேடுவது அந்தப் பதிலைத்தான். மானியத்தை அரசு தருகிறது, ஆனால் கடனைத் திரும்ப வாங்க வேண்டியவர் அவர். மானியம் எவ்வளவு என்று மட்டும் பேசுகிற விண்ணப்பதாரரைக் கண்டால் எந்த மேலாளருக்கும் வயிற்றில் புளி கரைக்கும்.

எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கக் கூடாது, அடைத்துத்தான் விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே பாட்டில், அடைப்பு இயந்திரம், ஒட்டுச்சீட்டு எல்லாம் திட்டமதிப்பில் இருக்கட்டும். நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. பொருளின் விலையைக் கூட்டிப் போட்டு விலைப்புள்ளி வாங்கி, அந்த வித்தியாசத்தையே கைப்பணமாகக் காட்டும் யோசனையும் உன் காதுக்கு வரும். அப்படிச் செய்தால் இல்லாத இயந்திரத்துக்கு ஏழு வருடம் தவணை கட்டுவது நீதான்.

அடமானம் கேட்டால் பயப்படாதே. குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல் 2000-இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதன் கீழ் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். செக்கு ஓடத் தொடங்கியதும் மாவட்டத் தொழில் மையத்தில் மின்கட்டண மானியத்துக்கும் ஒரு விண்ணப்பம் கொடு. குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு 36 மாதம், கட்டணத்தில் 20 சதவீதம். சின்னத் தொகைதான், அதனால்தான் பலர் கேட்காமலே விடுகிறார்கள்.

இதெல்லாம் காலத்துக்குக் காலம் மாறும். பி.எம்.இ.ஜி.பி.க்கு 2021-22 முதல் 2025-26 வரை என்று காலம் வகுத்துத்தான் பணம் ஒதுக்கினார்கள். அந்த மாதிரிக் கட்டங்கள் முடிந்து தொடங்கும்போது சதவீதமும் வரம்பும் நகரும். திருப்பூர் போகிற அன்றைக்கு மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள், என் தாளைக் காட்டிச் சண்டை போடாதே.

காலண்டர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவர், திரும்பவும் எடுத்துப் பிரித்தார். 4,20,000-ஐப் பார்ப்பார் என்று நினைத்தேன். விரல் 60,000-இல் நின்றது.

"இதுக்கு மட்டும் திட்டம் ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

"ஒரு செயின் இருக்குதுங்ணா. அத்தைகிட்டத்தான் இருக்குது. கேக்கோணும்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.